நிலா கறுப்பாக, செவ்வாய் நீலமாக: மலையகக் கணினி கூடங்களுக்கு ஒரு கோளாறு நீக்கும் வழிமுறை

மலையகப் பாடசாலைகளில் இணையத்தில் எது ஓடாவிட்டாலும் முதல் பழி சிக்னல் மேல்தான் விழும். கோள்களின் வரைபடங்கள் விஷயத்தில் அந்தப் பழி பல நேரம் தவறு. கணினியின் கடிகாரம், பழைய பிரவுசர், தேவைக்கு மீறிய கோப்பு ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இவற்றைவிட மோசமான வகை ஒன்றும் உண்டு. படம் நன்றாகத் திறந்துவிடும், பார்ப்பவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். திறக்காத படத்துக்குப் பிள்ளைகள் நம்மைக் கூப்பிடுவார்கள். தவறாகப் புரிந்த படத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். ஆகவே ஆசிரியர்கள் இந்தக் குறிப்பின் பின்பாதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இங்கே வரும் தளங்கள் எல்லாம் இலவசம். நாசாவின் மூன் டிரெக், மார்ஸ் டிரெக் என்ற நிலா, செவ்வாய் வரைபடத் தளங்கள். 2009இல் ஏவப்பட்ட லூனார் ரிக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற நிலாவைச் சுற்றும் விண்கலத்தின் படங்களைக் காட்டும் குவிக்மேப். செவ்வாயை மிக நுணுக்கமாகப் படமெடுக்கும் ஹைரைஸ் கமராவின் தொகுப்பு. தலைப்புகளைப் பிள்ளைகள் சொல்லும் முறைப்பாடாகவே வைத்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் எழும் முறைப்பாடு எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

"சேர், பாதுகாப்பில்லைன்னு சொல்லி உள்ளயே விடமாட்டேங்குது"

திரையின் கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் நிற்கிறதா? கோளாறு அதுதான். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும், அதற்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி இன்னும் பழைய ஆண்டில் இருந்தால், இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று பிரவுசர் கதவை மூடிவிடும். திகதியைச் சரிசெய்து பக்கத்தை மறுபடி திறந்தால் போதும்.

மின்சாரத்தைத் துண்டித்து மறுநாள் போடும்போது திகதி மறுபடி பின்னால் போனால், மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி செத்துவிட்டது. பெரும்பாலான கணினிகளில் அது சி.ஆர். 2032. நகரத்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். இதை மாற்றாமல் ரவுட்டரை மாற்றிப் பயனில்லை.

"உருண்டை வரவேண்டிய இடத்துல கறுப்பாத்தான் இருக்கு"

பக்கம் வந்துவிட்டது, பொத்தான்கள் தெரிகின்றன, கோளம் மட்டும் இல்லை. சுழலும் கோளத்தை வரைய பிரவுசருக்கு வெப்ஜிஎல் என்ற வசதி வேண்டும், அது கணினியின் கிராஃபிக்ஸ் பகுதியை நேரடியாகப் பயன்படுத்தும். குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பிரிவுக்குப் போய், கிராஃபிக்ஸ் முடுக்கம் அணைந்திருந்தால் போட்டுவிட்டு பிரவுசரை மூடித் திறக்கவும்.

விண்டோஸ் 7 ஓடும் கணினிகளுக்கு குரோமின் கடைசிப் பதிப்பு 109. அது 2023இன் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு புதுப்பிக்கப்பட்ட தளங்கள் அதில் அரைகுறையாகத் திறக்கும். புதிய கணினி கேட்டு எழுதுவது ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றைய பாடத்துக்கு, முப்பரிமாணக் கோளத்தை விட்டுவிட்டுத் தட்டையான வரைபடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். கோளம் சுழல்வதைப் பார்க்க அழகுதான். ஆனால் அளவெடுக்கவும் இடம் தேடவும் தட்டை வரைபடமே வசதி, பழைய கணினியும் அதைத் தாங்கும்.

"சதுரம் சதுரமா வருது, மிச்சம் எல்லாம் மங்கல்"

இதுதான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. இங்கேதான் சிக்னலுக்கும் ஓரளவு பங்கு உண்டு. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும்.

நிலாவின் சுற்றளவு ஏறத்தாழ 10,900 கிலோமீற்றர். ஒரு புள்ளிக்கு 100 மீற்றர் என்ற கணக்கில் முழு நிலாவையும் ஒரே படமாக்கினால் கிட்டத்தட்ட 600 கோடிப் புள்ளிகள். அதை யாரும் முழுதாக அனுப்பமாட்டார்கள். படத்தை 256க்கு 256 புள்ளி அளவுச் சதுரங்களாக வெட்டி வைத்திருப்பார்கள். அப்படி வெட்டினால் 90,000 சதுரங்களுக்கு மேல் வரும். உங்கள் திரை நிறைய அவற்றில் முப்பதுக்கும் குறைவாகவே போதும். நீங்கள் பார்க்கும் இடத்துச் சதுரங்கள் மட்டும் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஒரு படி உள்ளே போனால் அதே பரப்புக்கு நான்கு மடங்கு சதுரங்கள்.

இப்போது வகுப்பில் நடப்பதைப் பாருங்கள். படம் தெளிவாகும் முன்பே பிள்ளை இழுக்கிறது. இழுத்த இடத்துக்குப் புதிய சதுரங்கள் கேட்கப்படுகின்றன, பழையவை பாதியில் கிடக்கின்றன. மறுபடி இழுக்கிறது. பத்துக் கணினிகள் ஒரே போனின் ஹொட்ஸ்பொட்டில் இதைச் செய்தால் யாருக்கும் எதுவும் வராது. எலியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பத்து எண்ணுங்கள் என்பதே முதல் மருந்து. ஒரு கணினியை மல்டிமீடியாவில் போட்டு எல்லோரும் பார்ப்பது இரண்டாவது.

சிக்னலுக்கு வருவோம். மூடுபனி இறங்கினால் இணையம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கைப்பேசி அலைகளுக்குப் பனி பெரிய தடை இல்லை, மலைதான் தடை. கோபுரத்துக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு முகடு இருந்தால் வெயில் அடித்தாலும் இதே கதைதான். பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் ஒரே கட்டடத்தின் ஒரு ஜன்னலில் நன்றாக ஓடுவது அடுத்த ஜன்னலில் நின்றுபோவதற்குக் காரணம் அதுதான். ஹொட்ஸ்பொட் போனை மேசையில் வைக்காமல், சிக்னல் கோடு அதிகம் காட்டும் ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

நிச்சயமாக வேலை செய்யும் வழி ஒன்றுதான். பாடத்துக்கு முதல் நாள் இரவு, வேகம் இருக்கும் நேரத்தில், தேவையான காட்சிகளைத் திறந்து முழுதாகத் தெளிந்ததும் திரையை அப்படியே படமாகச் சேமித்து (ஸ்கிரீன்ஷொட்) பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாசாவின் படங்களைக் கல்விக்குப் பயன்படுத்தத் தடையில்லை, மூலத்தின் பெயரைப் படத்தின் கீழே எழுதினால் போதும். நேரடியாகத் திறந்து காட்டுவதில் ஒரு பெருமை இருக்கிறது, தெரியும். நாற்பது நிமிடப் பாடவேளையில் அந்தப் பெருமைக்கு இடமில்லை.

"டவுன்லோட் முடிஞ்சது, திறந்தா கொம்பியூட்டர் தூங்கிடுது"

ஹைரைஸ் படம் ஒன்று சாதாரணமாக 20,000 புள்ளி அகலமும் 40,000 புள்ளி நீளமும் இருக்கும். சுருக்கப்பட்ட கோப்பு சிறியதாகத் தெரிந்தாலும், வண்ணத்தோடு விரிந்தால் நினைவகத்தில் 2 ஜிகாபைட்டைத் தாண்டும். நம் கூடங்களில் பாதிக் கணினிகளில் மொத்த நினைவகமே 4 ஜிகாபைட். தவிர, அந்தக் கோப்பு வழக்கமான ஜேபெக் அல்ல, ஜேபெக் 2000. விண்டோஸின் படம் காட்டும் செயலி அதைப் புரிந்துகொள்ளாது. அதே பக்கத்தில் வால்பேப்பர் அளவுகளில் சிறிய படங்கள் இருக்கும், வகுப்புக்கு அவை தாராளம். முழுப்படமே வேண்டுமென்றால் ஹைரைஸ் குழுவின் ஹைவியூ செயலியில் திறக்கவும். அது தேவையான பகுதியை மட்டும் விரிக்கும்.

"முழுக்கக் கறுப்பு" அல்லது "முழுக்க வெள்ளை"

இது உயரத் தரவுகளை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறக்கும் உயர்தர மாணவர்களுக்கு வரும் சிக்கல். கோப்பு கெடவில்லை, மறுபடி இறக்க வேண்டாம். சாதாரணப் படத்தில் ஒரு புள்ளியின் மதிப்பு 0 முதல் 255 வரை. செவ்வாயின் உயரத் தரவில் மதிப்பு என்பது மீற்றர். கழித்தல் எட்டாயிரத்திலிருந்து கூட்டல் இருபத்தோராயிரம் வரை போகும். தரவு இல்லாத இடங்களில் மிகப் பெரிய கழித்தல் எண் ஒன்றைப் போட்டு வைத்திருப்பார்கள். மென்பொருள் அதையும் உயரமாக எண்ணிவிட்டால் மற்ற எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அந்த எண்ணைத் தரவில்லா மதிப்பாகக் குறித்துவிட்டு, நிறப் பரப்பை 2 முதல் 98 சதவீதத்துக்குள் வெட்டச் சொல்லுங்கள். மலையும் பள்ளமும் எழுந்து வரும்.

ஐ.எம்.ஜி. என்று முடியும் கோப்பு திறக்கவே மறுத்தால், அதே பெயரில் எல்.பி.எல். என்று முடியும் சிறு கோப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நாசாத் தரவுகள் பலவற்றில் விவரச்சீட்டு தனியாக இருக்கும். இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்து, சீட்டைத் திறக்க வேண்டும்.

"சொன்ன எண்ணைப் போட்டேன், வேற எங்கயோ போய் நிக்குது"

செவ்வாயில் கியூரியோசிட்டி ஊர்தி 2012 ஓகஸ்டில் இறங்கிய கேல் பள்ளம் ஏறத்தாழ 4.6 பாகை தெற்கு, 137.4 பாகை கிழக்கு. ஒரு பழைய புத்தகத்தில் அதே இடம் 222.6 பாகை மேற்கு என்றிருக்கும். இரண்டும் சரி. செவ்வாயின் நெடுங்கோட்டை மேற்கு நோக்கி எண்ணும் பழக்கம் முன்பு இருந்தது. இப்போதைய வரைபடங்கள் கிழக்கு நோக்கி 0 முதல் 360 வரை எண்ணுகின்றன. 222.6 என்ற எண்ணைத் திசை பார்க்காமல் இன்றைய வரைபடத்தில் அடித்தால், கேல் பள்ளத்திலிருந்து 5,000 கிலோமீற்றர் அளவு தள்ளி, தார்சிஸ் எரிமலை மேட்டின் மேற்குப் பக்கம் போய் நிற்பீர்கள். அங்கே ஊர்தியைத் தேடிப் பிள்ளை சலித்துப்போகும்.

மருந்து சின்னக் கழித்தல்தான். 360இலிருந்து மேற்கு எண்ணைக் கழித்தால் கிழக்கு எண். சில தளங்கள் 180க்கு மேல் ஏற்காமல் கழித்தல் குறியோடு கேட்கும். அப்போது கிழக்கு எண்ணிலிருந்து 360ஐக் கழிக்கவும்.

நிலாவுக்கும் இப்படி ஒரு பழைய கணக்கு உண்டு. 1961க்கு முந்திய நிலாப் படங்களில் கிழக்கும் மேற்கும் இன்றைக்கு நேர்மாறாக இருக்கும். பூமியிலிருந்து வானத்தைப் பார்க்கிறவருக்கு எது கிழக்கோ அதையே எழுதினார்கள். நூலகத்தில் அட்டை கிழிந்த வானியல் புத்தகம் இருந்தால் பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

"தூரம் ரொம்ப அதிகமா காட்டுது"

நிலாவின் டைக்கோ பள்ளம் 85 கிலோமீற்றர் அகலம். நீங்கள் அளக்கும்போது 310ஐ ஒட்டி வந்தால், மென்பொருள் நிலாவைப் பூமி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பூமியின் ஆரம் நிலாவினதைப் போல 3.67 மடங்கு, செவ்வாயினதைப் போல 1.88 மடங்கு. மென்பொருளின் ஆய அமைப்பில் (எந்தக் கோளின் அளவில் இடத்தைக் கணிப்பது என்று சொல்லும் அமைப்பு) நிலாவுக்கு 1,737.4 கிலோமீற்றர் ஆரமும் செவ்வாய்க்கு 3,396.19 கிலோமீற்றர் நடுக்கோட்டு ஆரமும் இருக்கும் தெரிவை எடுக்கவும்.

"சந்திரயான் இறங்கின இடத்துப் பள்ளமெல்லாம் இழுபட்டுக் கிடக்கு"

சந்திரயான் 3 இறங்கிய இடம் ஏறத்தாழ 69.4 பாகை தெற்கு. செவ்வகமாக விரித்த வரைபடம் அந்த அகலக்கோட்டில் கிழக்கு மேற்காகக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு இழுத்துக் காட்டும், வட்டப் பள்ளங்கள் முட்டையாகிவிடும். குவிக்மேப்பிலும் மூன் டிரெக்கிலும் தென்துருவ வீச்சுக்கு, அதாவது துருவத்தை நடுவில் வைத்து விரித்த வரைபடத்துக்கு, மாறும் தெரிவு இருக்கிறது. மாறியவுடன் வட்டங்கள் வட்டமாகும்.

"பள்ளம்னு சொன்னீங்க, மேடாத்தானே இருக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. கேட்காமல் மேடு என்று எழுதிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது என்று நம் மூளை எப்போதும் எடுத்துக்கொள்ளும். படத்தில் ஒளி கீழ்ப்பக்கத்திலிருந்து அடித்தால், பள்ளத்தின் நிழல் மேட்டின் நிழல் போலாகி எல்லாம் புரண்டுவிடும். இதற்குக் கணினியில் மருந்து தேட வேண்டாம். போனில் திரை சுழலும் வசதியை நிறுத்திவிட்டு, போனை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். மேடு சட்டென்று குழியாகும். மல்டிமீடியாவில் காட்டுவதானால் படத்தை 180 பாகை திருப்பிய பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை நம்பாமல் உறுதிசெய்யவும் வழி உண்டு. ஹைரைஸைச் சுமக்கும் விண்கலம் செவ்வாயின் உள்ளூர் நேரப்படி பிற்பகல் மூன்று மணியளவில் ஒவ்வோர் இடத்தையும் கடக்கும்படியான பாதையில் சுற்றுகிறது. அந்நேரம் சூரியன் மேற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். வடக்கு மேலே இருக்கும்படி வைத்த படத்தில் ஒளி பெரும்பாலும் இடப்பக்கமிருந்து வரும். ஆகவே இடது உட்சுவர் இருண்டு வலது உட்சுவர் வெளுத்திருந்தால் அது பள்ளம். இடது பக்கம் வெளுத்து வலது பக்கம் இருண்டிருந்தால் மேடு. இந்த ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பத்துப் படங்களைக் காட்டினால், பிள்ளைகள் ஆசிரியரை முந்திவிடுவார்கள்.

வேற்றுக் கோளுக்குப் போகாமலும் இதைக் காட்டலாம். பல பூமிப் படச் செயற்கைக்கோள்கள் காலை பத்து, பத்தரை மணியளவில் கடக்கின்றன. ஜனவரியில் அந்நேரம் நமக்குச் சூரியன் தென்கிழக்கில் இருக்கும், அதாவது வரைபடத்தின் கீழ் வலது மூலையில். மேகமில்லாத ஒரு ஜனவரிப் படத்தில் தலவாக்கலைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் சிலர் கண்ணுக்கு முகடாகத் தெரியக்கூடும். தாங்கள் நடந்து வரும் பாதை மலையுச்சியில் ஓடுவதுபோல் தெரிந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பாடமும் மனதில் நிற்கும்.

"செவ்வாய்ல கடல் இருக்கு சேர், நீலமா தெரியுது"

இரண்டு வேறு காரணங்கள் இந்த ஒரே முறைப்பாட்டில் ஒளிந்திருக்கும். முதலில் எந்தப் படம் என்று கேளுங்கள்.

முழுக் கோளும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்றிருந்தால் அது உயர வரைபடம். மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் மோலா லேசர் கருவி அளந்த உயரத்துக்கு நிறம் பூசியது. நீலம் என்றால் தாழ்வு, அவ்வளவே. தெற்கே உள்ள ஹெல்லாஸ் பெரும்பள்ளம் கடல் போலவே தெரியும், அங்கே ஒரு சொட்டு இல்லை.

மணல்மேடுகள் மட்டும் நீலமாக இருந்தால் அது ஹைரைஸின் மிகைப்படுத்திய வண்ணம். அந்தக் கமரா நீலப்பச்சை, சிவப்பு, அகச்சிவப்பை ஒட்டிய ஒளி என மூன்று பட்டைகளில் எடுக்கிறது. அவற்றை நம் கண்ணின் மூன்று நிறங்களாக மாற்றிப் போடும்போது கறுத்த எரிமலை மணல் நீலமாகிவிடும். பாறை வகைகளைப் பிரித்தறிய இது உதவும், கண்ணால் காணும் செவ்வாய் இதுவல்ல. படத்தின் நடுவே ஓடும் ஒரு கீற்று மட்டும் வண்ணமாக, இருபுறமும் சாம்பலாக இருக்கிறதா? அதுவும் கோளாறு அல்ல. 6 கிலோமீற்றர் அகலப் படத்தில் நடுவிலுள்ள 1.2 கிலோமீற்றருக்கு மட்டுமே வண்ணம் எடுக்கப்படுகிறது.

வெள்ளி செம்மஞ்சளாகத் தகதகப்பதும் இதே குடும்பத்துச் சிக்கல்தான். அது புகைப்படமே அல்ல. மகெல்லன் விண்கலம் 1990 முதல் 1994 வரை மேகத்தைத் துளைத்து ரேடாரால் வரைந்தது அது. வெளுப்பாக இருப்பது பெரும்பாலும் கரடுமுரடான தரை. நிறம், 1982இல் அங்கே இறங்கிய வெனேரா 13, 14 அனுப்பிய படங்களைப் பார்த்துப் பூசப்பட்டது.

இந்த உயர வரைபடங்களில் நம் வகுப்புக்கு உண்மையாகவே இடைஞ்சலான ஒன்று உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கக்கூடும். அவர்கள் சொல்லமாட்டார்கள், பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதுவார்கள். வரைபடத்தை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோகொப்பி எடுத்துப் பாருங்கள். உச்சியும் அடியும் ஒரே சாம்பலாக வந்தால் அந்த வரைபடத்தைக் காட்ட வேண்டாம். நிழலிட்ட சாம்பல் அடுக்கை எடுத்து, அதன்மேல் சமவுயரக் கோடுகளை வரையுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் விரிடிஸ், சிவிடிஸ் என்ற நிறவரிசைகள் இதற்காகவே நல்லவை, கொப்பியிலும் ஏறுவரிசையாகவே வரும்.

"பேரை அடிச்சா ஒண்ணும் வரல"

தேடுபெட்டி தமிழை அறியாது. ஆங்கில எழுத்துகளிலும், சர்வதேச வானியல் ஒன்றியம் பதிந்த அதே எழுத்துக்கூட்டல்தான் வேண்டும். புதன் கோளில் நம் சங்கீத மூர்த்தி தியாகராஜர் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் வழக்கப்படி டி-க்குப் பின் எச் போட்டு எழுதினால் கிடைக்காது, எச் இல்லாமல் எழுத வேண்டும். வரவில்லையென்றால் முதல் நான்கெழுத்தை மட்டும் அடித்துப் பட்டியல் வருகிறதா என்று பாருங்கள்.

"எனக்கு அது 'படம், படம்'னு மட்டும்தான் சொல்லுது"

பார்வையில்லாத ஒரு பிள்ளை, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானோடு மூன் டிரெக்கைத் திறந்தால் கேட்பது இதுதான். வரைபடம் ஒரே ஓவியப் பலகையாக வரையப்படுகிறது, அதற்குள் வாசிக்க எழுத்தே இல்லை. செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் தீராது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் வாசிக்கும், ஆனால் வாசிக்க யாராவது எழுதி வைக்க வேண்டுமே.

ஆகவே இந்த ஒரு கோளாறை நீக்குபவர் நீங்கள்தான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்கள் 2022 ஜூலை முதல் விரிவான சொல்விவரணையோடு வெளிவருகின்றன. அந்த முறையைப் பார்த்துப் பழகலாம். முதலில் என்ன படம், எந்தக் கருவி, எந்தத் திசை மேலே. பிறகு பெரியதிலிருந்து சிறியதற்கு. "அழகான காட்சி" என்று எழுதுவதில் யாருக்கும் பயனில்லை. மாதிரிக்கு ஒன்று:

"செவ்வாயின் உயர வரைபடம், வடக்கு மேலே. நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, கிழக்கு மேற்காக ஒரு நீண்ட வெடிப்பு. பெயர் வெலெஸ் மெரினெரிஸ். நீளம் 4,000 கிலோமீற்றருக்கு மேல், இலங்கையின் வடக்குத் தெற்கு நீளத்தைப் போல் ஒன்பது மடங்கு. சில இடங்களில் 7 கிலோமீற்றர் ஆழம். பீதுருதாலகாலையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் விளிம்புக்கு எட்டாது. மேற்கு முனையில் பல திசைகளில் கிளைத்துச் சிக்கலாகிறது, கிழக்கு முனையில் அகன்று சமவெளியில் கலக்கிறது."

கைக்குத் தெரியும் வரைபடமும் செய்யலாம். டிரெக் தளங்களில் தேர்ந்தெடுத்த பகுதியை முப்பரிமாண அச்சுக்கான கோப்பாக இறக்கும் வசதி உண்டு. அச்சு இயந்திரம் இல்லாத இடத்தில் சமவுயரக் கோடுகளை அச்சிட்டு, ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு அட்டை வெட்டி ஒட்டினால் அதே வேலை நடக்கும். நிலைக்குத்து அளவைக் கூட்டித்தான் செய்ய வேண்டும். 600 கிலோமீற்றர் அகலமும் 22 கிலோமீற்றர் உயரமும் கொண்ட ஒலிம்பஸ் எரிமலையை உண்மை விகிதத்தில் செய்தால் விரலுக்குத் தட்டையாகவே இருக்கும். எத்தனை மடங்கு கூட்டினீர்கள் என்பதை அட்டையின் ஓரத்தில் பிரெயிலில் குறித்துவிடுங்கள், பிரெயில் எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் வாயால் சொல்லிவிடுங்கள். பசை காய்ந்ததும் விளிம்புகளை உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்த பிறகே கையில் கொடுக்கவும்.